நினைவாற்றலைச் சோதிக்காத திரைகள்

திறன்பேசி வழியாகப் பணம் அனுப்புவது கீரைக்கூடைக்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அன்றாடக் காரியமாகிவிட்டது. ஆயினும் அந்த ஒரு செயலுக்குள் மனித மூளை எத்தனை வேலைகளைச் செய்து முடிக்கிறது என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பவர் மிகக் குறைவு. திரையில் நெருங்கிக் கிடக்கும் சின்னங்களுக்கு நடுவே தேவையானதை இனம்கண்டு, பெறுநரின் பெயரை அதையொத்த பிற பெயர்களிலிருந்து பிரித்தறிந்து, தொகையில் ஒரு சுழியம் கூடாமலும் குறையாமலும் பார்த்து, இடையில் முளைக்கும் கடன் விளம்பரத்தை விலக்கி, எங்கும் எழுதி வைக்கக் கூடாத ரகசிய எண்ணை வரிசை மாறாமல் இட்டு, சுழலும் வட்டம் நிற்கும்வரை பதறாமல் காத்திருந்து, கடைசியில் வரும் செய்தி பணம் போய்ச் சேர்ந்தது என்கிறதா, சேரவில்லை என்கிறதா என்று புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கவனம், நினைவு, மொழியைப் புரிந்துகொள்ளுதல், அடுத்தடுத்த படிகளைத் திட்டமிடுதல், முடிவெடுத்தல் ஆகிய இந்த மனச்செயல்களின் தொகுப்பையே உளவியலாளர்கள் அறிதல்திறன் என்கின்றனர். எல்லோருக்கும் இது ஒரே மாதிரி வாய்த்திருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலான செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன.

உண்மை அவ்வாறில்லை. அறிதல்திறன் என்பது ஒரே அளவுகோலில் வைத்துக் கூடுதல், குறைவு என்று அளந்துவிடக்கூடிய ஒன்றன்று. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர் காதால் கேட்டதை மற்றவர்களைவிட நுட்பமாகப் புரிந்துகொள்ளக்கூடும். எழுத்தாக வரும்போது அதே செய்தி அவருக்குப் பெரும் பாரமாகிவிடும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு விவரங்களைக் கூர்ந்து நோக்கும் ஆற்றல் மிகுந்திருக்க, எதிர்பாராமல் அசையும் படமோ திடீரென ஒலிக்கும் மணியோ தாங்க முடியாததாகிறது. கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. நிலையில், தொடங்கிய படிவத்தை முடிப்பதற்குள் மனம் வேறெங்கோ இழுத்துச் செல்லப்படுகிறது. பக்கவாதத்துக்குப் பின் வரும் அஃபேசியா என்னும் மொழியிழப்பில் சிந்தனை தெளிவாகவே இருந்தாலும் சொல் மட்டும் கைக்கு எட்டாமல் நழுவுகிறது. இவர்களோடு அறிவுசார் குறைபாடு உடையவர்களும், தலைக்காயத்துக்குப் பின் வாழ்பவர்களும், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளான முதியோரும் சேர்கின்றனர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகள் வெளியூரில் வாழ, ஓய்வூதியமும் மருந்தும் மின்கட்டணமும் திறன்பேசிக்குள் சென்றுவிட்ட வீடுகளில் அந்த எண்ணிக்கையின் கனம் உணரப்படும்.

இவர்களுடைய தேவை ஏன் இத்தனை காலம் கவனிக்கப்படவில்லை என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்தின் அமைப்பிலேயே ஒரு விடை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உட்பட யாவரும் ஒரு பொருளையோ சேவையையோ தடையின்றிப் பயன்படுத்த முடிவதே அணுகல்தன்மை எனப்படுகிறது. இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதற்கான வழிகாட்டு நெறிகளை 1999இல் முதன்முதலாகவும், 2008இல் விரிவாகத் திருத்தியும் வெளியிட்டது. பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் இருக்கிறது. அது படித்துச் சொல்வதற்கேற்பப் பக்கத்தை அமைத்தால் பெரும்பகுதித் தடை நீங்குகிறது. செவித்திறன் அற்றவர்களுக்கு வசனவரிகள் இருக்கின்றன. படிக்கட்டின் அருகே பின்னாளில் ஒரு சரிவுப்பாதையைக் கட்டுவதுபோல இவற்றை ஓரளவு பிறகும் சேர்த்துக்கொள்ள இயலும். குழப்பமான ஏழு படிகளைக் கொண்ட ஒரு படிவத்தை மூன்று தெளிவான படிகளாக மாற்றித் தரும் மென்பொருளை அப்படி வெளியிலிருந்து பொருத்திவிட முடியாது. அந்தத் தெளிவு வடிவமைப்புக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருந்தாக வேண்டும்.

மற்றொரு காரணம் அளவிடுதல் பற்றியது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தால் ஒரு கருவி அதை நொடியில் சோதித்துச் சொல்லிவிடும். இந்த வாக்கியம் புரிகிறதா, இந்தப் பக்கம் குழப்புகிறதா என்பதை எந்தக் கருவியும் அவ்வாறு சொல்லாது. சோதித்து உறுதிசெய்யத்தக்கவை மட்டுமே விதிகளாக முடியும் என்ற கட்டுப்பாட்டினால் அறிதல்சார்ந்த தேவைகள் பலவும் விதிகளுக்கு வெளியே நின்றன. மிக உயர்ந்த நிலையில் விதிகளைப் பின்பற்றிய பக்கம்கூட எல்லா வகைக் குறைபாடுகளுக்கும் ஏற்றதாகிவிடாது என்றும், அறிதல், மொழி, கற்றல் ஆகியவற்றில் இது குறிப்பாகப் பொருந்தும் என்றும் அந்த நெறிகளே வெளிப்படையாக ஒப்புக்கொண்டுள்ளன. இந்தக் குறையைப் போக்கவே டபிள்யூ3சியின் தனிப் பணிக்குழு ஒன்று, அறிதல் மற்றும் கற்றல் குறைபாடு உடையோருக்கு உள்ளடக்கத்தை எவ்வாறு அமைப்பது என்பது பற்றிய விரிவான வழிகாட்டியை 2021இல் வெளியிட்டது. அதற்கு விதியின் வலிமை இல்லை. ஆயினும் 2023 அக்டோபரில் வந்த நெறிகளின் 2.2ஆம் பதிப்பில் அதன் கருத்துகள் சில விதிகளாகவே இடம்பெற்றன.

அவற்றுள் மிக முக்கியமானது நினைவாற்றல் பற்றியது. சற்றுமுன் கேட்டதை, பார்த்ததைச் சில நொடிகள் மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கொண்டு வேலை செய்யும் திறன் செயல்நினைவு எனப்படும். 1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் அதன் அமைப்பை விளக்கினர். அதன் கொள்ளளவு ஏழை ஒட்டியது என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதியது பெரும்புகழ் பெற்ற போதிலும், பயிற்சியும் குறுக்குவழியும் இன்றி ஒரே நேரத்தில் தாங்கத்தக்கவை ஏறத்தாழ நான்குதான் என்று 2001இல் நெல்சன் கோவன் காட்டினார். எந்தக் குறைபாடும் இல்லாதவர்களின் நிலையே இதுவென்றால், மறதிநோயின் தொடக்கத்தில் இருப்பவரிடமோ டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞரிடமோ ஆறு இலக்க எண்ணை ஒரு திரையில் படித்து இன்னொரு திரையில் எழுதச் சொல்வது எத்தகைய சோதனை என்பது விளங்கும்.

ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் விதத்தை நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கி, படித்து முடிப்பதற்குள் மேலேறி மறைகிறது. குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்தால் அதே செய்தியில் செலுத்த வேண்டிய தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், ஓ.டி.பி. என்று மூன்று எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. எதை எடுப்பது என்று முடிவுசெய்து, அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பழைய பக்கத்துக்குத் திரும்பினால், அதற்குள் செயலி தன்னை மூடித் திறந்துகொண்டு முதற்பக்கத்தில் நிற்கிறது. இந்த இடர்கள் ஒவ்வொன்றுக்கும் எளிய மாற்று உண்டு. செய்தியின் முதற்சொல்லாகவே ஓ.டி.பி. எண்ணை வைக்கலாம், குறுஞ்செய்தியிலிருந்து அது தானே கட்டத்தில் நிரம்பும் வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது, நகலெடுத்து ஒட்டுவதைத் தடைசெய்யாமல் விடலாம், பயனர் வெளியே சென்று திரும்பும்வரை பக்கத்தை அப்படியே நிறுத்திவைக்கலாம். 2.2ஆம் பதிப்பின் புதிய விதி ஒன்று இதையே வற்புறுத்துகிறது: உள்நுழைவதற்கு நினைவில் வைத்தல், படியெடுத்தல், புதிர் அவிழ்த்தல் போன்ற அறிதல் சோதனை எதையும் ஒரே வழியாக வைக்கக் கூடாது, அதற்கு மாற்று வழியோ துணைசெய்யும் வசதியோ இருக்க வேண்டும். கோணலான எழுத்துகளைக் காட்டி, மனிதரா இயந்திரமா என்று கேட்கும் கேப்ச்சா சோதனைகள் இவ்விதியின்முன் தோற்கின்றன. தம் மனிதத்தன்மையை மெய்ப்பிக்க ஒருவர் புதிரில் தேற வேண்டும் என்ற நிபந்தனை அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு இழைக்கும் அவமதிப்பு சிறியதன்று.

எளிமையாக்கினால் பாதுகாப்புக் குறையும் என்று வங்கித்துறையினர் அஞ்சுவது இயல்பே. ஆனால் தொலைபேசியில் அதிகாரி போலப் பேசி ஓ.டி.பி.யைக் கேட்டுப் பறிக்கும் மோசடிக்கு எளிதில் பலியாவோர் குழப்பத்துக்கு உள்ளாகும் மனிதர்களே. அதற்கு மாறாக, பாஸ்கீ எனப்படும் புதிய முறையில் ரகசியம் கருவிக்குள்ளேயே இருக்க, உரிமையாளர் கைரேகையையோ முகத்தையோ காட்டித் திறக்கிறார். பிறருக்குச் சொல்லத்தக்க எண் ஏதும் இல்லாததால் வாயால் கேட்டு வாங்கவும் இயலாது. இங்கே எளிமையும் பாதுகாப்பும் ஒரே திசையில் நிற்கின்றன. உழைப்பால் ரேகை தேய்ந்த விரல்கள் ரேஷன் கடைக் கருவியின்முன் படும் பாட்டை அறிந்தவர்கள், கைரேகை ஒன்றையே நம்பவும் மாட்டார்கள். இரண்டு வழிகளாவது இருந்தாக வேண்டும்.

நினைவின் இன்னொரு குணம் ஏ.டி.எம். வடிவமைப்பில் வெளிப்படுகிறது. எதற்காக வந்தோமோ அது கைக்குக் கிடைத்தவுடன் எஞ்சிய படிகளை மனம் கைவிட்டுவிடுகிறது. பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுச் செல்வது அதனால் நேர்வது. செயல்நினைவின் மேல் ஏற்றப்படும் சுமை கூடும்போது இப்பிழையும் கூடுகிறது என்பதை 1997இல் மைக்கேல் பர்ன், சூசன் போவர் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அட்டையை எடுத்த பிறகே பணம் வெளிவரும்படி வரிசையை மாற்றிய இயந்திரங்களில் இந்த மறதிக்கு இடமே இல்லை. எச்சரிக்கைப் பலகை மாட்டுவதும், மறந்தவரைக் கடிந்துகொள்வதும் சாதிக்காததை இரண்டு படிகளின் இடமாற்றம் சாதித்துவிடுகிறது.

நேரக்கெடுவும் இத்தகைய சுமையே. மெதுவாகப் படிப்பவரை, எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்பவரை, அவர் முடிக்குமுன் வெளியேற்றிவிடும் பக்கங்கள் அவருடைய முழு உழைப்பையும் அழித்துவிடுகின்றன. தவிர்க்க முடியாத சில சூழல்கள் நீங்கலாக, பயனர் நேர வரம்பை நிறுத்தவோ மாற்றவோ நீட்டவோ முடிய வேண்டும் என்பது டபிள்யூ3சியின் அடிப்படை நிலை விதிகளுள் ஒன்று. நீட்டிக்கும் முறையைப் பின்பற்றுபவர்கள், நேரம் முடியுமுன் எச்சரித்து, ஒரு பொத்தானை அழுத்தி நீட்டிக்க 20 நொடியாவது தர வேண்டும். நேரமும் கட்டளைகளும் சேர்ந்து நெருக்கும் இடம் வங்கிகளின் முகச்சோதனை. முகத்தைக் கட்டத்துக்குள் வை, கண்ணைச் சிமிட்டு, தலையைத் திருப்பு என்று அடுத்தடுத்து வரும் ஆணைகளைச் சில நொடிகளுக்குள் நிறைவேற்ற வேண்டும். அமிலத் தாக்குதலுக்கு உள்ளாகிக் கண் சிமிட்ட இயலாதவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், யாவரையும் உள்ளடக்கிய டிஜிட்டல் அணுகலை அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே கண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உட்பட 21 வகைகளை ஏற்று, அன்றாட மின்னணுப் பொருள்கள் யாவரும் பயன்படுத்தத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவில் கூறுகிறது. சட்டம் இருக்கிறது, திரைகளில் அது இன்னும் தென்படவில்லை.

மொழிக்கு வருகையில் தமிழுக்கே உரிய சிக்கல்கள் எழுகின்றன. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. அவ்வினையின் இறுதியில் எதிர்மறை நிற்கிறது. “தங்களால் அனுப்பப்பட்ட தொகை பெறுநரின் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை; தங்கள் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருப்பின் உரிய காலத்தில் மீள வரவு வைக்கப்படும்” என்ற செய்தியைப் படிப்பவர், பணம் போனதா இல்லையா என்பதை அறிய முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டு செல்ல வேண்டும். அதையே, “பணம் போகவில்லை. உங்கள் கணக்கில் பணம் குறைந்திருந்தால் அது தானாகத் திரும்பி வரும். இப்போது மீண்டும் அனுப்ப வேண்டாம்” என்று எழுதினால், என்ன நடந்தது, என் பணம் எங்கே, அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்ற அவருடைய மூன்று கேள்விகளுக்கும் அவர் கேட்கும் வரிசையிலேயே விடை கிடைக்கிறது. சுவீடனில் 1984இலிருந்து ‘8 சீடோர்’ என்ற எளிய மொழிச் செய்தித்தாள் வெளிவருகிறது. நாட்டு நடப்பு, அரசியல், உலகச் செய்தி எதையும் விட்டுவிடாமல் சிறு வாக்கியங்களில் எழுதுவது அதன் வழக்கம். எளிய மொழி என்றால் செய்தியை நீர்க்கச் செய்வது என்று நம் அலுவலகங்களில் நிலவும் எண்ணத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு இல்லை.

எழுத்துருவைப் பொறுத்தவரை, டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தனி எழுத்துகள் வாசிப்பை மேம்படுத்துவதாக ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது உதவுகிறது: டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், எந்தப் பயிற்சியும் இன்றியே அவர்களுடைய வாசிப்பின் வேகமும் துல்லியமும் உயர்ந்தன. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போது கவனம் தேவை. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன; இடைவெளி கூடும்போது அவை தம் எழுத்தைவிட்டு விலகினால் வாசிப்பவரின் இடர் இரட்டிப்பாகும். துணைக்காலும் ரகரமும் உருவில் நெருங்கியிருப்பதும், ணகர னகரங்கள் ஒரு சுழியால் மட்டுமே வேறுபடுவதும் சிறிய திரையில் சிறிய எழுத்தில் படிப்பவரை மேலும் வருத்துகின்றன. எழுத்தை ஓரளவு பெரிதாக்குவதும், வரிகளுக்கிடையே மூச்சுவிட இடம் தருவதும், ஒவ்வொரு செய்திக்கும் அருகே அதைத் தமிழில் படித்துக்காட்டும் ஒலிப்பொத்தான் வைப்பதும் பெரும்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. எண்களுக்கும் இது பொருந்தும். 50000 என்று தட்டியவுடன் அதன் கீழே ‘ஐம்பதாயிரம் ரூபாய்’ என்று சொல்லால் எழுதிக்காட்டினால், கணக்கில் இடர்ப்படுபவருக்கு மட்டுமன்றி அவசரத்தில் இருப்பவருக்கும் ஒரு சுழியத்தால் வரும் நட்டம் தவிர்க்கப்படும்.

தவறிவிடுமோ என்ற அச்சமே பலரைத் திறன்பேசியிலிருந்து விலக்கி வைக்கிறது. எனவே செய்ததைத் திரும்பப் பெறும் வசதியும், எந்தப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் பின்செல் பொத்தானும், செய்யப்போவதைச் சொல்லிக்காட்டி ஒப்புதல் கேட்கும் திரையும் அவர்களுக்குத் துணிவைத் தருகின்றன. பொத்தானில் ‘சரி’ என்று எழுதுவதைவிட ‘500 ரூபாய் அனுப்பு’ என்று எழுதுவது தெளிவானது. ஒருமுறை பாடுபட்டுக் கற்ற திரையைச் சில மாதங்களுக்கொருமுறை புதுப்பித்தல் என்ற பெயரில் கலைத்து அடுக்குவது கொடுமையானது. வேகமாகக் கற்பவருக்கு அது சிறு எரிச்சல். பல வாரப் பழக்கத்தால் மட்டுமே பொத்தானின் இடத்தைக் கை அறிந்துகொண்ட ஒருவருக்கு அது அத்தனை நாள் கற்றதையும் பறிப்பதாகும். ஆப்பிள் நிறுவனம் 2023இல் ஐபோனில் சேர்த்த ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ என்ற வசதி, அழைப்பு, செய்தி, படம் போன்ற சிலவற்றை மட்டும் பெரிய கட்டங்களாகக் காட்டி, தொலைபேசி அழைப்பையும் காணொலி அழைப்பையும் ஒன்றாக்கி, எல்லாப் பக்கத்தின் அடியிலும் பின்செல்லும் பொத்தானை நிலையாக வைக்கிறது. பாராட்டத்தக்க முயற்சிதான், ஆனால் விலை மலிந்த திறன்பேசிகளில் இத்தகையது வரும்வரை அதன் பயன் இங்கே மிகச் சிலருக்கே. எளிமைப்படுத்துகிறோம் என்று வளர்ந்தவருக்குக் கரடிப்பொம்மைகளையும் மழலைக் குரலையும் காட்டுவதும் தவறு. முப்பது வயதுக்காரருக்குத் தம் ஊதியத்தைப் பார்க்கவும், அரசியல் செய்தி கேட்கவும், நண்பரோடு தனியாகப் பேசவும் விருப்பமும் உரிமையும் உண்டு.

சொல்லால் பேச இயலாதவர்களுக்காகச் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ இந்தத் துறையில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்காக 1985இலிருந்து சென்னையில் இயங்கிவரும் வித்யா சாகர் அமைப்போடு இணைந்து, படங்களைத் தொட்டால் அவற்றை ஒலிவடிவில் பேசும் கருவியாக அதை உருவாக்கினார். முதலில் தனிச் சாதனமாக இருந்தது, பின்னர் டேப்லெட் செயலியாயிற்று. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளை மனத்தில் கொண்டு தொடங்கியது ஆட்டிசம் உள்ளவர்களிடமும் பரவியது. இத்தகைய படப்பலகைகளில் சொற்கள் எத்தனை சேர்ந்தாலும் பழைய படத்தின் இடம் மாறக் கூடாது என்பது முதன்மையான நெறி. தேடாமலே கை அங்கு செல்வதால்தான் பேச்சு ஓட்டம் பெறுகிறது. தமிழில் இன்னொரு தேவையும் உண்டு. அம்மா, தண்ணீர், கொடு என்று மூன்று படங்களைத் தொட்டால், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறாரா, அம்மாவிடம் தமக்குக் கேட்கிறாரா என்பது தெளிவாவதில்லை. ஆங்கிலம் பெருமளவு சொல்லின் வரிசையால் காட்டும் பொருளைத் தமிழ் வேற்றுமை உருபால் காட்டுகிறது. ஆகவே தமிழ்ப் படப்பலகைக்கு உருபுகளைப் படத்தோடு எளிதில் இணைக்கும் வழியைத் தமிழறிந்தவர்களே கண்டாக வேண்டும்.

பயன்படுத்துபவர்களையே முதலிலிருந்து உடன் வைத்துக்கொண்டு உருவாக்கினாலன்றி இவற்றுள் எதுவும் சரியாக அமையாது. அதற்கும் பழகிய சோதனை முறைகள் போதா. மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே செயலியைப் பயன்படுத்தச் சொல்வது மென்பொருள் நிறுவனங்களில் வழக்கம். செயல்நினைவு குறைந்தவருக்குப் பேசுவதே இன்னொரு சுமையாகிவிடுவதால் அவர் என்ன செய்கிறார் என்று அமைதியாகக் கவனிப்பதே முறை. புரிந்ததா என்று கேட்கவும் கூடாது. வாழ்நாள் முழுவதும் திருத்தப்பட்டே பழகியவர்கள் கேட்பவரை மகிழ்விக்க ஆமாம் என்று சொல்லிவிடும் போக்கு ஆய்வுகளில் நன்கறியப்பட்டது. எங்கே தொட்டால் பணம் போகும், காட்டுங்கள் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். அவருக்குப் பழகிய இடத்தில், அவருடைய சொந்தத் திறன்பேசியில், சிறுசிறு அமர்வுகளாக, எதற்காக இந்தச் சோதனை என்பதை எளிய மொழியில் சொல்லி ஒப்புதல் பெற்று, மற்ற ஆலோசகர்களுக்குத் தருவதுபோல ஊதியமும் தந்து இதைச் செய்ய வேண்டும். துணைக்கு வரும் தாயோ அண்ணனோ அவருக்காக விடை சொல்ல முற்படும்போது, பொறுமையாகக் கேள்வியை மீண்டும் அவரிடமே திருப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே வேலையை மறுபடி செய்யச் சொல்லி, யாரும் எதுவும் நினைவூட்டாமல் அவர் எந்தத் திரையில் தயங்கி நிற்கிறார் என்று குறித்துக்கொண்டால், அடுத்துத் திருத்த வேண்டிய திரை அதுதான்.